உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

கடை வாசலில், கதவு நிலைக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் இரண்டு வயர்த் துண்டுகள் தொங்குவதை நீங்கள் இருவரும் கண்டிருப்பீர்கள். போன சனிக்கிழமை கடையைக் கூட்டும்போது சின்னவள் அவற்றைக் கழற்றிக் குப்பை வாளியில் போட்டுவிட்டாள். நான் கத்திவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"ரெண்டு பழைய வயருக்கு ஏன் அப்பா இந்தக் கத்துக் கத்துறீங்கள்?" என்று பெரியவள் கேட்டாள். நான் வாளிக்குள் கையை விட்டு அவற்றை எடுத்தேன்.

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

இந்தக் கடை போடுவதற்கு முன் ஒன்பது வருடம் நான் ரேடியேற்றர் ஒட்டினேன். லொறிக்கும் பஸ்ஸுக்கும் எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடுகிற செம்புப் பெட்டி ஒன்று முன்னால் இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் ஈயத்தை உருக்கி அடைப்பதுதான் என் வேலை. முதலில் ஒரு தூரிகையால் ஆசிட் தடவுவோம். தடவியவுடன் செம்பில் இருக்கும் கறுப்பெல்லாம் கழன்று உள்ளே சிவப்புத் தெரியும். நெருப்புக் காட்டினால் ஈயம் அதன் மேல் எண்ணெய் மாதிரி ஓடிப் பிடிக்கும். பிடித்ததும் பெட்டியை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவோம். 'சீ' என்று ஒரு சத்தம் வரும். அதில் மிச்ச ஆசிட்டும் கழுவுப்பட்டுப் போய்விடும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று என் கைக்குத் தெரியும். ஒன்பது வருடப் பழக்கம் அது.

அந்த ஆசிட் புகையால் எனக்கு இருமல் வந்தது. உங்கள் அம்மா ஒருநாள் சொன்னா: "லொறிக்கு ஓட்டை விழுந்தா நீங்கள் ஒட்டுறீங்கள். உங்கட நெஞ்சில ஓட்டை விழுந்தா ஆர் ஒட்டுறது?" அதற்குப் பிறகுதான் துறைமுகத்துப் பக்கம் இறங்கும் வீதியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இந்தச் சின்ன அறையை எடுத்து, வாகனங்களுக்குப் பாட்டுச் செட் பூட்டத் தொடங்கினோம். திருகோணமலையில் ஆட்டோ வைத்திருக்கிறவர்கள் மீற்றர் இல்லாமல் ஓடுவார்கள், செட் இல்லாமல் ஓடமாட்டார்கள்.

சின்ன ரேடியோவுக்கு மெல்லிய வயர் போதும். சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் என்ற பெட்டி பெரிதாக இருந்தால், அது பற்றரியில் இருந்து நிறையக் கரண்ட் இழுக்கும். அதற்குச் சின்னவளுடைய பெருவிரல் தடிப்பில் ஒரு வயர் வேண்டும். அதன் உறையைச் சீவினால் உள்ளே தலைமயிர் மாதிரி நூற்றுக்கணக்கான செம்பு இழைகள் இருக்கும். அவ்வளவு தடித்த வயரை முறுக்கிப் பற்றரியின் ஆணியில் சுற்ற ஏலாது. நுனியில் லக் என்று ஒரு செம்புத் துண்டு வைக்க வேண்டும். ஒரு பக்கம் குட்டிக் கிண்ணம், மறுபக்கம் வளையம். கிண்ணத்துக்குள் ஈயத்தை உருக்கி, இழைகளை அதற்குள் இறக்கி, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். வளையத்தைப் பற்றரியில் முறுக்கிவிடலாம்.

பிடிப்பது உங்கள் அம்மா. நெருப்பு என்னுடையது. அம்மா குறட்டால் வயரைப் பிடித்துக்கொண்டு, ஈயத்தின் மினுக்கம் மங்கும்வரை வாய்விட்டு எண்ணுவா. முப்பது வரை எண்ண வேண்டும் என்பது அவவுடைய கணக்கு. எனக்குப் பத்துக்கே பொறுமை போய்விடும். லக்கைப் பறித்துப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வாளியில் அமுக்குவேன். 'சீ'.

"அது ரேடியேற்றர் இல்லை," என்பா அம்மா.

"செம்பு செம்புதானே," என்பேன் நான்.

சாமான் வாங்குகிற கடையில் வயர் வேலைக்கென்று ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் பசை தந்தார்கள். ஈயம் பிடிக்க இதைத்தான் பூச வேண்டும், ஆசிட் கூடாது என்றும் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பசை ரேடியோ திருத்துகிறவர்களின் நூல் மாதிரி வயருக்கு. தடித்த வயருக்கு வலிய மருந்து வேண்டும் என்று நினைத்தேன். பழைய ஆசிட் போத்தலை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தேன். அதைத் தடவினால் இழைகள் பளபளவென்று வரும், ஈயம் ஒரே இழுப்பில் ஓடும். பார்க்கிறவர்கள் "என்ன வடிவாப் பிடிச்சிருக்கு" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு தை மாதத்தில், சல்லிக் கிராமத்தில் இருந்து மீன்கார அண்ணை வந்தார்.

அவரை உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கைகளில் தெரியாதவர்கள் இல்லை. ஆட்டோவின் பின்னால் மீன் பெட்டி வைத்துக்கொண்டு காலையில் வருவார். நல்ல கட்டைக் குரல். அவர் முதல் ஒழுங்கையில் கூப்பிட்டால் மூன்றாம் ஒழுங்கையில் பெண்கள் சட்டியைக் கழுவத் தொடங்குவார்கள் என்று சொல்வார்கள். பிறகு அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆள் தப்பிவிட்டார். குரல் தப்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். கிட்டப்போய்க் காதைக் கொடுத்தால்தான் அதற்குள் சொல் இருப்பது தெரியும்.

அவர் என் மேசையில் போனை வைத்து அமத்தினார். அதில் அவருடைய பழைய குரல் இருந்தது.

"மீனேய்... மீன்! துடிக்குது, துடிக்குது! கீரி, பாரை, சூடை... ஓடி வாங்கோ பிள்ளையள்!"

அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், கொஞ்சம் தள்ளி நின்று ஏசுவது போல: "இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கோ! உது பக்கத்து வளவுக்கே கேக்காது!"

"அது அக்காவோ?" என்று அம்மா சிரித்துக்கொண்டு கேட்டா.

அண்ணை தலையாட்டினார். ஒப்பரேசனுக்கு முதல்நாள், குரல் போனாலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் அவருடைய மனைவி அவரை வளவில் நிறுத்திவைத்து, மீனே இல்லாமல் கூப்பிடச் சொல்லிப் போனில் பிடித்தாவாம்.

"அக்கான்ர கதையை வெட்டி எடுத்துவிடட்டோ அண்ணை?" என்று நான் கேட்டேன்.

அவர் என் காதுக்குக் கிட்ட வந்தார். "வேண்டாம் தம்பி. முப்பது வருசமா அவளின்ர ஏச்சு இல்லாம நான் வெளிக்கிட்டதில்லை. அது இல்லாட்டி மீன் பழுதாப் போயிடும்."

தகரக் குழல் மாதிரி ஒரு ஹோன் ஸ்பீக்கரைக் காட்டினேன். அதைக் கையால் தள்ளிவிட்டார்.

"அந்தத் தகரத்தில போட்டா நானும் பாண் விக்கிற ஆட்டோப் பாட்டு மாதிரிக் கீச்சிடுவன். என்ர குரலுக்கு அடிக் கனம் இருக்கு தம்பி. அந்த அடி வேணும்."

அடி வேண்டும் என்றால் பெரிய அம்ப் வேண்டும், பெட்டி ஸ்பீக்கர் வேண்டும், தடித்த வயர் வேண்டும். எல்லாம் பூட்டினோம். நான்கு லக், இரண்டு வயர். நான் ஆசிட் தடவினேன், அம்மா பிடித்தா, நான் வாளியில் அமுக்கினேன். மிச்சம் வந்த ஒரு சாண் வயரை வெட்டி வாசலில் ஆணியில் தொங்கவிட்டேன், பிறகு எதற்காவது உதவும் என்று.

வீதியில் ஆட்டோவை நிறுத்தி முதல்முறை போட்டுப் பார்த்தோம். அப்போது எங்கள் வாசலில் ஸ்பீக்கர் வந்த மட்டைப் பெட்டியை, ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு தின்றுகொண்டு நின்றன. "மீனேய்" என்று அடித்தொண்டையால் ஒரு சத்தம் வர, இரண்டும் மட்டையை வாயில் கவ்விக்கொண்டே பாய்ந்தன. எதிர்க் கடைக்காரர் எழும்பி வெளியே வந்து, "என்ன அண்ணை, குரல் திரும்பிட்டுதோ?" என்று கேட்டார். மீன்கார அண்ணை ஆட்டோவுக்குள் குனிந்து எதையோ தேடுவது போல நின்றார். அவர் தேடவில்லை. கண்ணைத் துடைத்தார். நான் கண்டும் காணாததுபோல வயரைச் சுருட்டினேன்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. காலையில் அவர் எங்கள் வீதியால் போகும்போது ஒருதரம் போட்டுக் காட்டிவிட்டுப் போவார். வாடிக்கைக்காரர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒழுங்கையில் பிள்ளைகள் அவருடைய மனைவியைக் கண்டால், "இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கோ!" என்று கத்திவிட்டு ஓடுவார்களாம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆட்டோ வந்து நின்றது. அண்ணை போட்டுக் காட்டினார். "மீனே" என்று வந்தது, அந்த இழுவையில் அப்படியே நின்றுபோனது. பிறகு "குது, குது" என்றது. பிறகு ஒன்றுமே இல்லை.

நான் பற்றரியைப் பார்த்தேன். நல்லாக இருந்தது. லக்கைக் கழற்றி, வளையத்தை அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினேன். வேலை செய்தது.

"என்ன தம்பி பிழை?"

"உப்புக் காத்து அண்ணை," என்றேன்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் எது பழுதானாலும் அதைத்தான் சொல்வோம். கூரைத் தகரம் ஓட்டையானால் உப்புக் காற்று. சைக்கிள் செயின் அறுந்தால் உப்புக் காற்று. ரீவி படம் மங்கினாலும் அதுதான். பாதிக்கு மேல் உண்மையும்கூட. கடலோடு யாரும் வழக்குப் போட ஏலாது. அதனால் சொல்கிறவனுக்கும் நிம்மதி, கேட்கிறவனுக்கும் நிம்மதி.

ஒரு கிழமையில் திரும்ப வந்தார். திரும்பத் தேய்த்தேன். திரும்ப உப்புக் காற்று என்றேன். ஆனால் இந்த முறை லக்கைத் தொட்டபோது அது சுட்டது. கிண்ணத்துக்கு மேலே உறையின் ஓரம் கொஞ்சம் இளகியும் இருந்தது. வளையத்தில் உப்புப் பிடித்தால் வளையம்தான் சுட வேண்டும். இது கிண்ணத்தின் அடியில் சுட்டது. அது என் கைக்குத் தெரிந்தது. வாய்தான் பழைய கதையைச் சொன்னது.

மூன்றாம் முறை அவர் மத்தியானத்தில் வந்தார். பெட்டியில் பாதி மீன் அப்படியே கிடந்தது. ஐஸ் கரைந்து ஆட்டோவின் பின்னால் ஒழுகியது. அன்றைக்கு முதல் ஒழுங்கையிலேயே சத்தம் நின்றுவிட்டதாம். கையைத் தட்டிப் பார்த்தாராம். பெட்டி மூடியில் கத்தியால் தட்டிப் பார்த்தாராம். ஐஸ்பழக்காரன் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவந்து, மீனைக் கண்டு திரும்பிப் போயினவாம். அதற்குள் மணி அடித்துக்கொண்டு இன்னொரு மீன்காரன் அதே ஒழுங்கையால் போய்விட்டான்.

"காணும் தம்பி," என்றார். அந்தக் காற்றுக் குரலும் அன்றைக்குக் களைத்திருந்தது. "தம்பலகாமத்துப் பொடியன் ஒருத்தன் ட்ராக்டருக்கு இந்த அம்பைக் கேட்டவன். நாளைக்கு வரச் சொல்லிப்போட்டன். குடுத்திட்டு நான் வீட்டில இருக்கப்போறன்."

"அண்ணை, வீட்டில இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"வலை பொத்துறது. அவளின்ர ஏச்சை நேரில கேக்கிறது." சிரிக்கப் பார்த்தார். "நீ என்ன செய்வாய் தம்பி. நீயும் மூண்டு தரம் பாத்தனீதானே. உப்புக் காத்து மனிசனையே தின்னுது. வயரை விடுமோ?"

அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு!

அவர் வந்த நேரம் கழற்றிய பழைய வயர் ஒன்று மேசையில் கிடந்தது. அன்றைக்குப் புது வயர் போட்டுப் பார்ப்போம் என்று அதைக் கழற்றியிருந்தேன். வேண்டாம் என்று அவர் போய்விட்டார். அம்மா சோற்றுக்குக் கூப்பிட வந்தவ, அதை எடுத்துப் பார்த்தா. கத்தியால் லக்கில் இருந்து மேலே உறையை நீளத்துக்குக் கிழித்தா. உள்ளே இழைகள் பச்சையாக இருந்தன. பாசி பிடித்த மாதிரி, ஈரப் பச்சை. விரலால் தட்ட, இழைகள் தூளாகக் கொட்டின. ஒரு விரல் நீளத்துக்கு அப்படியே.

"பாத்தீரே, உப்பு எப்பிடித் தின்னிருக்கு," என்றேன்.

அம்மா வாசலுக்குப் போய், ஆணியில் தொங்கிய மிச்சத் துண்டைக் கழற்றிக்கொண்டு வந்தா. அதே சுருளில் வெட்டிய அதே வயர். அதே தை மாதத்தில் இருந்து அதே காற்றில், வெட்டுவாய் திறந்தபடி தொங்கியது. அதையும் கிழித்தா. நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. உள்ளே செம்பு, புதுச் செம்பு மாதிரிச் சிவப்பாக இருந்தது.

"இதுக்கு உப்புக் காத்து அடிக்கேல்லையோ?" என்றா.

"இது சும்மா தொங்கினது. அதில கரண்ட் ஓடினது."

"இஞ்சருங்கோ. நான் நிலாவெளிக் கரையில பிறந்தவள். இப்ப அடிக்கிறது கச்சான். காத்துக் கரையில இருந்து கடலுக்குப் போகுது. உப்பு எங்க இருந்து வருது?"

பச்சைத் துண்டை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தா. அதைச் சொல்லத் தேவையே இல்லை. ஒன்பது வருடம் மணந்த ஆசிட் மணம். ரேடியேற்றரில் தடவிய ஆசிட்டைத் தண்ணீரில் கழுவிவிடலாம். தகட்டில் ஒளிய இடம் இல்லை. வயரில் அப்படி இல்லை. திரி எண்ணெய் குடிப்பது போல இழைகள் ஆசிட்டை உறைக்கு உள்ளே மேலே குடித்திருந்தன. நான் வாளியில் அமுக்கிய தண்ணீரும் கூடச் சேர்ந்து உள்ளே போயிருந்தது. வெளியே பளபளத்த ஈயத்துக்குப் பின்னால் ஆறு மாதமாக அது மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. இந்த வேலையில் பிறந்து வளர்ந்தவன் எவனும் இந்தப் பிழையை விடமாட்டான். ரேடியேற்றர்காரன்தான் விடுவான்.

மத்தியானச் சோற்றுக்கு இருவரும் இருந்தோம். அம்மா எதிரில் இருந்து சாப்பிட்டா.

"புது வயரை நாளைக்குக் கொண்டுபோய்ச் சும்மா பூட்டிக் குடுப்பம். ஒண்டும் சொல்லத் தேவையில்லைத்தானே," என்றேன்.

"ஓம். பூட்டலாம்," என்றா. பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, "அவர் நாளைக்கு ஆரோடையாவது கதைக்கேக்க, உப்புக் காத்தாலதான் தன்ர குரல் ரெண்டாந்தரமும் போனது எண்டு சொல்லுவார். அதையும் அந்தக் காத்துக் குரலிலதான் சொல்லுவார்," என்றா. அதோடு விட்டுவிட்டா. ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்தநாள் காலையில் பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் சல்லிக்குப் போனோம். சின்னவளே, நீயும் வந்தாய். எங்கள் இருவருக்கும் நடுவில், மடியில் மஞ்சள் பசை டப்பாவோடு. அது உனக்கு நினைவில் இருக்காது.

அண்ணை வளவில் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். அம்பின் ஆணி ஒன்றை ஏற்கெனவே கழற்றியிருந்தார். அவருடைய மனைவி கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டா. நான் இருக்கவில்லை. இருந்தால் சுகம் விசாரிக்கத் தொடங்கிவிடுவேன், பிறகு சொல்லமாட்டேன்.

"அண்ணை, உப்புக் காத்து இல்லை. நான்தான்," என்றேன். இரண்டு துண்டுகளையும் அவருடைய கையில் கொடுத்தேன். ஆசிட்டையும் வாளியையும் பற்றிச் சொன்னேன். இரண்டாம் முறையே எனக்குச் சந்தேகம் வந்தது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் பச்சைத் துண்டை விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு என்னை அருகில் வரச்சொல்லிக் கையைக் காட்டினார். குரல் உள்ளவர் என்றால் தள்ளி நின்றே ஏசியிருப்பார். இவரிடம் ஏச்சு வாங்குவதற்கு நானே என் காதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

"கச்சான் அடிக்கேக்க உப்புக் காத்து எண்டு சொன்னனீ. நானும் இந்தக் கரையில பிறந்து வளந்தவன், மாடு மாதிரித் தலையாட்டினனான். ஏன் தெரியுமோ? வைத்தியன் சொன்னா நோயாளி தலையாட்டுவான். எனக்கு அது பழகிப்போச்சு." மூச்சு எடுத்தார். "மூண்டு கிழமையா நான் கடலுக்கு ஏசினனான் தம்பி. கடலுக்கு!"

"ஓம் அண்ணை."

"என்ன ஓம்?"

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

"ஏசினது காணும். அந்தாள் நெருப்போட வந்து நிக்குது. தேத்தண்ணி வைக்கிறன், வேலையைச் செய்யட்டும்," என்றா.

"முதல்ல வேலையைச் செய்," என்றார் அண்ணை. "பிறகு நான் மிச்சத்தை ஏசுறன்."

வளவில் நெருப்பு நிற்கவில்லை. கச்சான் தரையில் இருந்து புழுதியை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடியது. பற்றவைக்கப் பற்றவைக்கச் சுவாலையை அணைத்தது. "உப்புக் காத்து," என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். குசினிக்குள் போனோம். கடையில் லக்கைக் கவ்வ இரும்புக் கவ்வி இருக்கிறது. இங்கே அம்மியையும் குழவியையும் சேர்த்து வைத்து, நடுவில் லக்கை நிறுத்தினோம். தேத்தண்ணிக் கேத்தில் ஒரு அடுப்பில், ஈயம் மறுபக்கத்தில். இழைகளைச் சீவி, மஞ்சள் பசையைப் பூசினேன். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் நெருப்பைக் காட்டினேன். ஆசிட்டில் ஓடுவது போல ஈயம் ஓடவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் உருகியது. உருகிய பிறகு இழைகளுக்குள் தானாக ஏறியது. அம்மா வயரை இறக்கிப் பிடித்து எண்ணத் தொடங்கினா.

ஒன்று, இரண்டு, மூன்று.

பத்து வரும்போது என் கை தானாக எழும்பிப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை நோக்கிப் போனது. சத்தியமாக நான் அனுப்பவில்லை.

"கை!" என்றா அம்மா.

அண்ணை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வரைக்கும் விடவில்லை. அவருடைய கை மீன் கையாக, செதில் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. ஈயத்தின் மினுக்கம் மங்கி, மேலே பால் ஆடை மாதிரி ஒரு படலம் வந்தது. நான்கு லக்குக்கும் நான்கு முறை அப்படியே பிடித்தார். நாலாவது தரம் அது தேவைப்படவில்லை. ஆனாலும் பிடித்தார்.

வயரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது தம்பலகாமத்துப் பொடியன் வந்துவிட்டான். அண்ணை அவனைக் கையால் மறித்து, அம்பைப் போட்டார். "மீனேய்..." என்று வளவு அதிர்ந்தது. சின்னவளே, நீ வலைக் குவியலில் படுத்து நித்திரையாகக் கிடந்தாய். எழும்பி அழத் தொடங்கினாய். "இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கோ!" என்று ஸ்பீக்கர் ஏசியது. "ஐயோ, பிள்ளை பயப்பிடுது, குறையுங்கோ!" என்று அதே குரல் குசினிக்குள் இருந்து ஏசியது. அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திப் போயிற்று.

முதல் இழுவை முழுவதும் வந்தது. நிற்கவில்லை. மூன்று தரம் போட்டார். லக்கைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது.

பொடியனுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப அம்ப் இல்லையோ?"

அண்ணை அவனை இழுத்து, காதுக்குள் ஏதோ சொன்னார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, எனக்கும் ட்ராக்டருக்கு ஒண்டு உங்களிட்டச் செய்விக்கட்டாம். ஆனா ஆசிட் போத்தில் எங்க எண்டு முதல்ல கேக்கட்டாம்," என்றான்.

"கடையில கிடக்கு. இண்டைக்கு எறிவன்," என்றேன்.

அன்றைக்கே எறிந்தேன். ஆனால் அதோடு முடியவில்லை. ஆசிட் தடவிய வயர் இன்னும் பதின்மூன்று வாகனங்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். என் பிழை, கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றேன். சிலர், "எனக்கு ஒண்டும் பழுதில்லையே, பழுதானாலும் உப்புக் காத்தாத்தான் இருக்கும், விடுங்கோ" என்றார்கள். அவர்களை விளங்கப்படுத்துவதுதான் கூடக் கஷ்டம். கிளிவெட்டிப் பக்கத்து வான்காரர் ஒருவர் நன்றாக ஏசினார். எங்கள் வீதியில் ஒரு மாதம் என்னை 'ரேடியேற்றர்' என்று கூப்பிட்டார்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பாள். ஏன் என்று இப்போது தெரியும்.

அண்ணை சொன்னபடி மிச்ச ஏச்சை ஏசவில்லை. அன்றைக்குச் சல்லியில் இருந்து நாங்கள் வெளிக்கிடும்போது நான் கேட்டும் பார்த்தேன். "வைச்சிருக்கிறன்," என்றார். "ஒருநாளைக்கு உதவும்." சொல்லிவிட்டு அந்த இரண்டு துண்டுகளையும் என் சட்டைப் பைக்குள் செருகினார். "இதைக் காத்தில தொங்கவிடு தம்பி. இல்லாட்டிக் கச்சான் எது, கடலால வாற வாடை எது எண்டு உனக்கு மறந்துபோகும்."

அதனால்தான் அவை வாசலில் தொங்குகின்றன.

அண்ணை இப்போதும் காலையில் எங்கள் வீதியால் போவார். கடைக்கு முன்னால் ஒருதரம் போடுவார். நீங்கள் அந்த நேரம் சப்பாத்துத் தேடிக்கொண்டு இருப்பீர்கள். "அப்பா, நேரம் போகுது, ஏன் மோட்டார் சைக்கிள் திறப்போட சும்மா நிக்கிறீங்கள்?" என்று பெரியவள் அவசரப்படுத்துவாள். நான் சும்மா நிற்கவில்லை. "மீனேய்" என்று அந்த இழுவை தொடங்குகிறது அல்லவா, அது வளைவு திரும்பும்வரைக்கும் எங்கேயாவது அறுகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். அது அறாமல் போய், பின்னால் அக்காவின் ஏச்சும் முழுவதாகக் கேட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை உதைப்பேன். அந்த ஒரு நிமிடத்துக்கு நீங்கள் எனக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.